கருத்துத் தாளின் கடைசி வரி

1981 செப்டம்பர் 14, திங்கள்

பதிப்பகக் கேன்டீனில் இரண்டு கிண்ணம் வாங்கி வைத்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஜிங்யி வரவில்லை. தக்காளியும் முட்டையும் போட்ட நூடுல்ஸ், அவளுக்குப் பிடிக்கும். ஆறிப்போன பிறகு இரண்டையும் நானே தின்றுவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். தற்கால இலக்கியப் பிரிவில் அவள் மட்டும்தான் இருந்தாள். மேஜையில் செங்கல் கனத்துக்கு ஒரு கைப்பிரதி. கைப்பிரதிக்கென்று விற்கும் கட்டம் போட்ட தாள்கூடக் கிடையாது. ஏதோ ரயில்வே படிவத்தின் பின்பக்கத்தில் எழுதியது.

"சாப்பிட்டியா லுவான்?" என்றாள். தலை நிமிரவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டும்போது சிரித்தாள்.

இருபது வருடக் குடித்தனத்தில் அவள் தானாகச் சிரித்துக்கொண்டு படித்ததை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்? நான் எழுதிய எதற்காவது சிரித்திருக்கிறாளா?

இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்து மிங் காலத்துக் கடிதங்களின் அடிக்குறிப்புகளைத் திருத்தினேன். பழைய இலக்கியப் பிரிவில் இதுதான் நிம்மதி. எழுதியவர்கள் செத்து முந்நூறு வருடமாகிறது. யாரும் மதியச் சாப்பாட்டைக் கெடுக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 17, வியாழன்

அவன் பெயர் கோவ் மான்ச்சாங். வடமேற்கே கான்சு மாகாணத்தில் தண்டவாளம் பராமரிக்கும் குழுவில் வேலை. வயது முப்பத்துமூன்று. கைப்பிரதியின் பெயர் 'எழுபத்தாறாம் கிலோமீட்டர்', பஞ்ச காலத்துத் தண்டவாளக் குழு ஒன்றின் கதை. எங்கள் பதிப்பகத்துக்கு இப்போது மாதம் ஏழெட்டு சாக்குக் கைப்பிரதி வருகிறது. கலாச்சாரப் புரட்சியில் பத்து வருடம் வாயைப் பொத்திக்கொண்டிருந்த நாடு மொத்தமும் ஒரே நேரத்தில் எழுத உட்கார்ந்துவிட்டது. பெரும்பாலும் குப்பை. அந்தச் சாக்கிலிருந்துதான் இதை எடுத்திருக்கிறாள்.

இதையெல்லாம் நான் கேட்கவில்லை. சாப்பிடும்போது அவளே சொன்னாள். "பள்ளிக்கூடமே ஆறு வருஷம்தான் போயிருக்கான். ஆனா மணல் காத்து தூரத்துல கிளம்புறதை எப்படி எழுதறான் தெரியுமா? முதல்ல தண்டவாளம் சத்தம் போடறதை நிறுத்துமாம்—"

நான் பாத்திரம் கழுவ எழுந்தேன். இன்று என் முறை இல்லை.

அக்டோபர் 4, ஞாயிறு

அவள் துணி துவைக்கப் போயிருந்தபோது பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் விடாமல் சிவப்புப் பென்சில். ஓரங்களில் சண்டை போட்டிருக்கிறாள். 'பொய்.' 'இங்கே ஏன் அவசரம்?' 'இந்த மனுஷி இப்படிப் பேச மாட்டாள், போய்க் கேட்டுப் பார்.' ஒரு பக்கம் முழுக்கக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே சின்னதாக: 'வேண்டாம், இருக்கட்டும். நான்தான் தப்பு.'

1964-ல் நானும் ஒரு நாவல் எழுதினேன். முந்நூறு பக்கம். முதலில் இவளிடம்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா இருக்கு" என்றாள். புரட்டிப் பார்த்தேன், ஒரு புள்ளி கிடையாது. அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது. திருத்த ஒன்றுமில்லை என்று நினைத்தேன். முட்டாள்! இரண்டு வருடம் கழித்து அந்தப் புரட்சியின் வீட்டுச் சோதனைக்குப் பயந்து அதைக் கொதிகலனில் போட்டபோதுகூட, ஒரு கறையும் இல்லாத தாள்கள் எரிகின்றன என்றுதான் வருத்தப்பட்டேன்.

சண்டை போட அவளுக்குத் தெரியும். என்னோடுதான் போடவில்லை.

அக்டோபர் 26, திங்கள்

வந்துவிட்டான். பதிப்பகமே பயணச் சீட்டு அனுப்பி வரவழைத்திருக்கிறது. நான்காம் மாடி விருந்தினர் அறையில் தங்கி, கூட உட்கார்ந்து திருத்த வேண்டும். ஒன்றரை மாதம்.

படிக்கட்டில் எதிர்ப்பட்டான். குட்டை ஆள். கழுத்து வரைக்கும் வெயில் கருப்பு, சட்டைக்குள் வெள்ளை. தொப்பியைக் கழற்றிவிட்டு, "லுவான் சார்தானே? மியாவ் டீச்சர் உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்காங்க" என்றான். ஜிங்யிதான் அவனுக்கு மியாவ் டீச்சர்! என்ன சொல்லியிருப்பாள்? கேட்கத் துடித்தது. "ஓ" என்றேன்.

நவம்பர் 8, ஞாயிறு

குளிர்காலத்து முட்டைக்கோஸ் வந்து இறங்கியது. எங்கள் பங்கை மாடிக்குத் தூக்க அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் நாலு நடையில் தூக்கியிருப்பேன், அவன் இரண்டு நடையில் முடித்தான். அப்புறம் சாப்பிட உட்கார வைத்தாள். கறியும் கோஸும் வைத்த கொழுக்கட்டை. அவன் வினிகர் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு நாற்பத்திரண்டு தின்றான். நான் எண்ணினேன். எண்ணுகிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

இரண்டு பேரும் சாப்பிடும்போதும் ஏழாம் அத்தியாயம்.

"அந்தக் கிழவன் சாகக்கூடாது கோவ்."

"செத்துட்டாரே டீச்சர். நான்தான் புதைச்சேன்."

"நிஜத்துல செத்தாரு. கதையில ஏன் சாகணும்? அதைச் சொல்லு."

அவன் வாயில் கொழுக்கட்டையோடு யோசித்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதல் என்றால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. அது காதல் இல்லை. அதைவிட மோசம். அது கவனம்.

ஹார்பினில் படிக்கும் மகளுக்குக் கடிதம் எழுதினேன். 'அம்மா நலம்' என்பதற்கு மேல் அம்மாவைப் பற்றி எழுத வரவில்லை.

நவம்பர் 12, வியாழன்

பதிப்பக முற்றத்தில் காலைப் பத்து மணி உடற்பயிற்சியில் என் பக்கத்தில் கை வீசிக்கொண்டிருந்த ஷாவ் — பிழை திருத்தும் பிரிவில் இருக்கிறானே, வாய் சும்மா இருக்காது — எல்லார் காதிலும் விழச் சொன்னான்: "என்ன லுவான், வீட்டம்மா தண்டவாளத்துல ஏறிட்டாங்களாமே? நீங்க எந்த ஸ்டேஷன்ல இறங்குறதா உத்தேசம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒலிபெருக்கி எட்டு வரைக்கும் எண்ணி முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 23, திங்கள்

முதன்மை ஆசிரியர் பெங் கூப்பிட்டார். தற்காலப் பிரிவின் தலைவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை, புத்தாண்டு தாண்டித்தான் வருவாராம். துணைத் தலைவர் தெற்கே எழுத்தாளர்களைத் தேடிப் போயிருக்கிறார். 'எழுபத்தாறாம் கிலோமீட்டர்' இரண்டாம் பார்வைக்கு நிற்கிறது. பொறுப்பாசிரியர் ஜிங்யி பார்த்தாயிற்று. அடுத்து ஒருவர், கடைசியில் அவர். அந்த நடு ஆள் நானாம்.

"அது என் மனைவி எடுத்த கைப்பிரதி" என்றேன்.

"அதனாலதான்யா. நீ கறார் பேர்வழின்னு ஊருக்கே தெரியும். சலுகைன்னு ஒருத்தன் வாய் திறக்க முடியாது."

மறுபடி ஒரு முறை மறுத்திருந்தால் விட்டிருப்பார். மறுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

நவம்பர் 28, சனி

கருத்துத் தாளை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏழு குறைகள். அதில் மூன்று நிஜம்: ஏழாம் அத்தியாயம் வழவழவென்று நீள்கிறது, கிழவனின் சாவு கதையாசிரியனுக்கு வசதியாக வருகிறது, குழுத்தலைவனின் மனைவிக்கு முகமே இல்லை. நான்கு சும்மா — எந்தப் புத்தகத்திலும் சொல்லலாம். குறை சொல்வதில் நான் கெட்டிக்காரன். அதற்குத்தான் இந்த நாற்காலி.

கடைசியில் ஒரு வரி: 'பஞ்ச காலத்தின் இருண்ட பக்கத்தை மிகுதியாகக் காட்டுகிறது; தற்போது வெளியிடுவது பொருத்தமா என்பது மேலும் ஆராயப்பட வேண்டும்.'

இந்தக் கட்டடத்தில் இருக்கிற எல்லோருக்கும் அந்த வரி தெரியும். அதைப் போட்டால் யாரும் ஆராய மாட்டார்கள், அலமாரியில் வைப்பார்கள். நானே அந்த வரியால் அடிபட்ட கைப்பிரதிகளுக்காகக் கோபப்பட்டிருக்கிறேன். அந்தப் பத்து வருடத்தில் எங்களை ஹூபேயில் வயல் வேலைக்கு இறக்கிவிட்டபோது நானும் ஜிங்யியும் நாற்று நட்டுக்கொண்டே சொல்லிக்கொண்டோம், திரும்பிப் போனால் அந்த வரியை நம் கையால் எழுத மாட்டோம் என்று.

கையெழுத்து நன்றாக வந்திருந்தது.

டிசம்பர் 3, வியாழன்

பதினோரு மணிக்கு என் அறைக்கு வந்தாள். அறையில் இன்னும் மூன்று பேர். கையில் கருத்துத் தாள்.

"தோழர் லுவான், ஒரு விளக்கம் வேணும்."

ஆபீசில் மற்றவர்கள் முன்னால் நாங்கள் எப்போதும் இப்படித்தான், மரியாதையோடு. ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏழாம் அத்தியாயம், கிழவர் சாவு, மனைவி பாத்திரம். மூணும் சரி. நானே பார்த்திருக்கணும். நாலு, அஞ்சு, ஆறு, ஏழுக்கு ஆதாரம் இல்லை, விட்டுடறேன். இந்தக் கடைசி வரி—"

"என் அபிப்பிராயம்."

"உங்க அபிப்பிராயமா?"

"ஆமாம்."

தாளை நாலாக மடித்தாள். அவள் தாளை மடிக்கிறவள் இல்லை. போய்விட்டாள். தெர்மாஸிலிருந்து வெந்நீர் ஊற்றினேன், பாதி மேஜையில்.

சாயங்காலம் வீட்டில் குழம்புக் கரண்டியை என்னிடம் நீட்டினாள். "உப்புப் போதுமா பாருங்க."

பாருங்க! இந்த வீட்டுக்குள் முதல் முறையாக. அடித்திருக்கலாம்.

டிசம்பர் 4, வெள்ளி

பெங் தள்ளி வைத்துவிட்டார். நான் ஜெயித்தேன்.

டிசம்பர் 9, புதன்

கோவ் இன்று ஊருக்குத் திரும்பினான். போகும் முன் என் அறைக்கு வந்தான். கையில் சர்க்கரை போட்டுக் காயவைத்த ஆப்ரிகாட் பழம் ஒரு பை.

"சார், நீங்க சொன்ன மூணு இடத்தையும் டீச்சர் எழுதிக் குடுத்தாங்க. மூணும் சுருக்குனு பட்டுச்சு. ஊருக்குப் போய்த் திரும்ப எழுதறேன்."

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

"மேலிடத்துல கொஞ்சம் தாமதம் ஆகும்னாங்க. ஆகட்டும் சார். எங்க லைன்ல ரயிலே ஒம்பது மணி நேரம் லேட்டா வரும்."

கடைசி வரியை அவள் சொல்லவில்லை. எனக்காக மறைத்திருக்கிறாள். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். தோல் மரக்கட்டை மாதிரி இருந்தது. அந்தக் கையால்தான் அதை எழுதியிருக்கிறான். என் கையைப் பார்த்தேன், நடுவிரலில் மசிக்கறை. அதற்குக்கூட அவன்மேல் பொறாமை வந்தது. இது என்ன வியாதி?

டிசம்பர் 20, ஞாயிறு

'நீங்க', 'வாங்க', 'சாப்பிடுங்க'. பதினெட்டாம் நாள்.

1982 ஜனவரி 3, ஞாயிறு

ஜிங்யிக்குக் காய்ச்சல். மூன்று நாளாக எழுந்திருக்கவில்லை. நேற்று கோவிடமிருந்து திருத்திய பக்கங்கள் வந்தன. மறுபடியும் ரயில்வே படிவம், பென்சில். அலமாரியில் வைக்கப்பட்ட கைப்பிரதிக்கு இவன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான். அவள் படுக்கையிலிருந்தே கட்டம் போட்ட நல்ல தாளில் படியெடுக்கப் பார்த்தாள். பேனா வழுக்கியது.

"கொடு, நான் எழுதறேன்."

"வேண்டாம். உங்களுக்குச் சிரமம்."

"கொடு ஜிங்யி."

கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

படிப்பது வேறு, படியெடுப்பது வேறு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எழுத்து. தாண்டி ஓட முடியாது. நாற்பது பக்கம் இருந்த ஏழாம் அத்தியாயம் இப்போது ஆறு பக்கம். கிழவன் சாகவில்லை. குழுத்தலைவனின் மனைவி இரண்டு வருடம் கழித்து அவனைப் பார்க்க ரயிலில் வருகிறாள். மணல் காற்றால் அன்றைக்கு ரயில் அந்த இடத்தில் நிற்கவில்லை. குழு மொத்தமும் மண்வெட்டியோடு வரிசையாக நிற்கிறது. எந்த ஜன்னலில் இருக்கிறாள் என்று தெரியாததால் எட்டுப் பேரும் ஆளுக்கொரு பெட்டியைப் பங்கு போட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். பார்த்தவன் கிழவன். "சிவப்புத் துண்டு கட்டியிருந்தா. சாப்பிட்டுட்டுத்தான் இருந்தா" என்கிறான். அவ்வளவுதான். எல்லோரும் திரும்ப வேலைக்குப் போகிறார்கள்.

முகமே இல்லை என்று நான் சொன்ன மனைவி. இப்போதும் முகம் இல்லை. ஆனால் இனி அவளை என்னால் மறக்க முடியாது.

பேனா நின்றுவிட்டது. இது நான் எழுதியிருக்க வேண்டியது என்று முதலில் தோன்றியது. இல்லை. நான் எழுதியிருக்கவே முடியாது. அதுதான் விஷயம், செப்டம்பரிலிருந்து அதுதான் விஷயம். அவளும் இல்லை, அவனும் இல்லை.

ஒரு எழுத்துகூடப் பிழையில்லாமல் படியெடுத்து முடித்தேன்.

ஜனவரி 11, திங்கள்

ஆண்டுத் திட்டக் கூட்டம். இருபத்தாறு பேர். பெங் தள்ளி வைத்தவற்றின் பட்டியலை வாசித்தார். நாலாவதாக 'எழுபத்தாறாம் கிலோமீட்டர்'. ஜிங்யி எதிர் வரிசையில், காய்ச்சல் விட்டு இன்றுதான் வந்திருந்தாள். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். "அதுல என் கடைசி வரியைத் திரும்ப வாங்கிக்கறேன்."

பெங் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதிக் கொடுத்தது விளையாட்டா? அப்ப படிக்கலையா நீ?"

"படிச்சேன்."

"பின்னே?"

"ஆசிரியரா படிக்கலை. புருஷனா படிச்சேன்."

ஷாவ்கூடச் சிரிக்கவில்லை. யாரோ கோப்பை மூடியை மூடிய சத்தம் கேட்டது. ஜிங்யியின் பேனா நின்றிருந்தது, அவள் நிமிரவில்லை.

பெங் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "உட்காரு. நாளைக்குக் காலையில ஆசிரியராப் படிச்சு ஒரு தாள் கொண்டு வா. அப்புறம் சுயவிமர்சனமா உன்னைப் பத்தி நீயே ஒரு தாள் எழுத வேண்டியிருக்கும். அதையும் கொண்டு வா."

சைக்கிள் கொட்டகையிலிருந்து வீடு வரைக்கும் இருவரும் தள்ளிக்கொண்டே நடந்தோம். வாசலில் சொன்னாள்: "அத்தனை பேர் முன்னால. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு."

"தெரியும்."

"தெரியாது. நீ உன் தப்பைச் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டிருக்க. என்னையும் சேர்த்து மேஜை மேல போட்டுட்ட. ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. நிஜம்தான். அவள் 'நீ' என்று சொன்னதை மாடி ஏறிய பிறகுதான் கவனித்தேன்.

ஜனவரி 17, ஞாயிறு

கேட்டுவிட்டேன். வெளுத்த பனி வெயிலில் பால்கனியில் கோஸின் அழுகின இலைகளை உரித்துக்கொண்டிருந்தோம்.

"அறுபத்து நாலுல என் நாவல்ல ஏன் ஒரு கோடுகூடப் போடலை?"

இலையை உரித்துக்கொண்டே இருந்தாள். "கட்டிக்கிட்டு மூணு வருஷம். குழந்தை கையில. நீ கண் கொட்டாம என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்த. பென்சிலை எடுத்தேன். வெச்சுட்டேன்."

"நல்லா இல்லையா?"

"நல்லா இல்லை லுவான்."

"எந்த இடம்?"

"இடம்னு இல்லை. நீ யார் மாதிரியோ எழுதிக்கிட்டிருந்த. யாருன்னுகூட எனக்குத் தெரியலை."

பதினேழு வருடம். ஒரு கோஸ் முழுக்க உரித்து முடித்தேன். இலையெல்லாம் போய்த் தண்டுதான் மிச்சம். அவள் அதைப் பார்த்துவிட்டு, "அது நல்ல கோஸ்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் கையைக் கழுவினேன். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். பகல் இரண்டு மணிக்கு.

பிப்ரவரி 6, சனி

என்னைப் பற்றிய சுயவிமர்சனத் தாளைப் பிரிவுக் கூட்டத்தில் வாசித்தேன். பதினோரு நிமிடம். மிங் காலத்துக் கடிதங்களுக்குத் திரும்பினேன்.

ஜூலை 18, ஞாயிறு

தெரு முனை அரசுப் புத்தகக் கடையில் 'எழுபத்தாறாம் கிலோமீட்டர்' வந்திருந்தது, காலையிலிருந்து வரிசை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன், வரிசையில் நின்றுவிட்டேன். முன்னால் நின்ற பெண் நூற்பாலையிலிருந்து நேராக வந்திருப்பாள் போல, தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "என்ன புத்தகம் அண்ணே?" என்று என்னைக் கேட்டாள். என்ன என்று தெரியாமலே நிற்கிறாள்! "ரயில்காரர்கள் கதை" என்றேன். "அழுகை வருமா?" "ஒரு இடத்துல." "ஒரு இடம் போதும்" என்றாள்.

முதல் பதிப்பு அறுபதாயிரம் பிரதி. பின் அட்டையில் கீழே எறும்பு அளவு எழுத்தில்: பொறுப்பாசிரியர், மியாவ் ஜிங்யி. அந்தப் பெயரைக் கடைவாசலிலேயே நாலைந்து முறை படித்தேன். வலிக்கிறது. இன்னும் வலிக்கிறது, முன்பைவிடக் குறைவாக. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

நவம்பர் 22, திங்கள்

பதவி உயர்வுப் பட்டியல் ஒட்டினார்கள். ஜிங்யி பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. ஷாவ் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, என் தோளில் தட்டிவிட்டுப் போனான். அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

1983 மார்ச் 2, புதன்

தபால் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். கான்சுவிலிருந்து ஒரு பொட்டலம், தைத்த துணி உறை. மூன்றாம் மாடிக்கு அனுப்புங்கள் என்றேன். "உங்க பேர்தான் போட்டிருக்கு சார்."

உள்ளே கைப்பிரதி. இந்த முறை கட்டம் போட்ட தாள். மேலே ஒரு கடிதம்:

'லுவான் சாருக்கு. இது இரண்டாவது. போன முறை நீங்கள் எழுதிய கடைசி வரியைப் பற்றிப் பின்னால் கேள்விப்பட்டேன். நாலு நாள் கோபமாக இருந்தேன். அப்புறம் யோசித்தேன். என்னைக் கவிழ்க்க உட்கார்ந்த அன்றைக்கும் அந்த மூன்று குறையைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். மியாவ் டீச்சருக்கு இப்போது என்மேல் பிரியம் வந்துவிட்டது, இனி சிவப்புப் பென்சில் தயங்கும். அது எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் முதலில் படியுங்கள். கோவ் மான்ச்சாங்.'

மதியம் கேன்டீனுக்குப் போகவில்லை. அறுபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தபோது கதவருகே நிழல். ஜிங்யி. கையில் இரண்டு கிண்ணம்.

"சாப்பிட வரலையா?" பார்வை பொட்டலத்தின் துணி உறைக்குப் போனது. அவன் கையெழுத்து அவளுக்குத் தெரியும். "இது... இங்கதான் வந்துச்சா?"

"என் பேருக்கு."

"ஓ" என்றாள்.

கிண்ணங்களை வைத்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். படித்தாள். திரும்ப ஒரு முறை படித்தாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது, வாய் மட்டும் சிரிக்கப் பார்த்தது. அந்த முகத்தை நான் நன்றாக அறிவேன். ஒன்றரை வருடம் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"எப்படி இருக்கு?" குரல் சாதாரணமாக இருக்க வேண்டுமென்று பாடுபட்டது.

"ஆரம்பம் சரியில்லை. முப்பதாம் பக்கத்துக்கு மேல பிடிக்குது."

"முடிச்ச பக்கத்தை மட்டும் கொடேன்."

"சனிக்கிழமை தரேன்."

"வியாழக்கிழமை."

"நாளைக்கே வியாழன், ஜிங்யி."

"தெரியும்" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, நான் பக்கம் திருப்பும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தாள்.